குண்டூர் நாடு பங்கிட்ட கூடாரம்

போன வாரம் உங்களில் ஒருவர் எழுதிய செய்தியில் "மக்கள் கொதித்தெழுந்தனர்" என்று இருந்தது. எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். மூன்று பேர் என்றார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்களா? ஆமாம் என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஊரில் மூன்று பேரைக் கேட்டு மூன்று பேரும் ஒன்றையே சொன்னால், ஒன்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இல்லை நாம் கேட்கும்போதே பதிலையும் கையில் கொண்டுபோயிருக்கிறோம்.

ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரன் நான். இந்த அறையில் எனக்கு இப்போது மேசை கிடையாது. வந்தால் யாராவது வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். கொல்லிமலையில் நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சி. என் கண் முன்னால் பட்டப்பகலில் நடந்தது. இருந்தும் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சி, யுத்தத்துக்கு முந்தைய காலம். சேலத்தில் ஒரு தினசரியில் நிருபராக இருந்தேன். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. யாராக இருந்தாலும் நடந்துதான் ஏற வேண்டும். காட்டிலாகா துரை, தனக்குக் கீழே உள்ள ரேஞ்சரோடும் கார்டு என்ற காவலர்களோடும், ஆண்டுக்கு ஒரு தடவை முகாம் போட வருவார். அவருடைய கூடாரம், கட்டில், பாத்திரங்கள், தகரக் குளியல் தொட்டி எல்லாவற்றையும் அடிவாரத்திலிருந்து மலைக்காரர்கள் சுமந்து ஏற்ற வேண்டும். கூலி பேருக்கு உண்டு என்றார்கள். கையில் வாங்கிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை. இதற்கு வெட்டி வேலை என்று பெயர். பாதை ஓரத்து ஊர்களில் இருக்கும் திடமான ஆண்கள் தலையில்தான் அது ஒவ்வொரு ஆண்டும் விழும்.

இதைப் பற்றிப் பேச சுப்பராயன் என்ற கதர்க்காரர் மலை ஏறினார். வக்கீல் குமாஸ்தா. இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவர். நேர்மையான மனிதர், சத்தமாகப் பேசுவார். ஆசிரியர் என்னையும் கூட அனுப்பினார். செம்மேட்டில் சந்தை கூடும் நாளில் ஒரு பலா மரத்தடியில் நின்று பேசினார் சுப்பராயன். இனி யாரும் சுமக்காதீர்கள், வெள்ளைக்காரன் போனால் வெட்டி வேலையும் போகும் என்பது பேச்சின் சாரம். முன்வரிசையில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"ஏனுங்க, துரை போனா ரேஞ்சரும் கூடவே போயிருவாருங்களா?"

"ரேஞ்சர் நம்ம நாட்டுக்காரர் அம்மா. அவர் எங்கே போவார்?"

"அப்ப எங்களுக்கு என்னங்க மாறும்?"

கூட்டம் சிரித்தது. அவள் பெயர் நல்லம்மா, அந்த மலையிலேயே குண்டூர் நாட்டைச் சேர்ந்தவள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "துரையக் கொற சொல்லாதீங்க. அவரு வந்தா கொழந்தைகளுக்கு மிட்டாய் குடுப்பாரு. கோழி கேக்கறது கார்டுதான்" என்றார்.

"மிட்டாய் தின்னது உங்க பேரன். சொமந்தது என்ற முதுகுங்க" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

இன்னொருவர், இந்த மலைக்கு ராஜா அறப்பளீசுவர சாமி, கீழே யார் ஆண்டால் நமக்கு என்ன என்றார். கதர்க்காரர்கள் வந்தால் மிளகுக்கு நல்ல விலை தருவார்களா என்று ஒருவர் கேட்டார். சுப்பராயன் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் "கூட்டத்தினரின் கருத்து" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதற்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை.

அதே வாரத்தில் துரை வரும் தகவல் வந்தது. சாமை அறுப்பு நேரம். கார்டு வந்து குண்டூர் நாட்டுத் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். பல சிற்றூர்கள் சேர்ந்ததுதான் மலையில் ஒரு நாடு. ஊர்க்கவுண்டர் பெயர் பெரியண்ணன். ஒடிசலான உடம்பு. வாயில் இருக்கும் வெற்றிலையை முழுவதும் மென்று துப்பிய பிறகுதான் பேசுவார். அதுவரை எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும்.

நாடு கூடியது. நாங்கள் இருவரும் ஓரமாக உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. சுப்பராயனுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்வது, எண்ணுவது எதுவும் கிடையாது. எல்லோரும் பேசுவார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள். யாருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை என்று ஆன பிறகு கவுண்டர் ஒரு சொல் சொல்வார். பிடிக்காதவர் அப்போதே சொல்ல வேண்டும். எழுந்துவிட்டால் அது எல்லோருடைய சொல்.

நல்லம்மா போகக் கூடாது என்றாள். "என்ற ஊட்டுக்காரரு போன தடவை அந்தத் தொட்டியத் தூக்கிட்டு வந்து நாள்கணக்கா கழுத்தத் திருப்பல. அறுப்பு நேரத்துல இன்னொரு கழுத்துக்கு நான் எங்க போறது?"

"போகாட்டி காட்டுக்குள்ள மாடு மேய விடமாட்டாங்க. அப்ப மாட்டுக்கு எங்க போறதுன்னு சொல்லு" என்றார் அவளுக்கு எதிரில் இருந்தவர்.

"மாட்டுக்குக் கழுத்து நல்லா இருக்குதுங்களே. தொட்டிய அது மேல கட்டுங்க."

சிரித்தார்கள். மறுபடி சண்டை போட்டார்கள். தூரத்து ஊர்க்காரர்கள், எங்கள் பக்கம் பாதையே இல்லை, எங்களை ஏன் கூப்பிட்டீர்கள் என்றார்கள். பொழுது சாய ஆரம்பித்தபோது பெரியண்ணன் வெற்றிலையைத் துப்பினார்.

"சாமான் நாட்டுக்கு வருது. நாட்டுக்கு வர்றது எல்லா ஊட்டுக்கும் பங்கு. பன்னிக்கு ஒரு மொறை, துரைக்கு ஒரு மொறையா வெக்கறது?"

யாரும் மறுக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

வேட்டையில் ஒரு காட்டுப் பன்றி விழுந்தால், அதை நாட்டில் உள்ள எல்லா வீட்டுக்கும் கூறு போடுவார்கள். வேட்டைக்குப் போகாத வீட்டுக்கும், ஆண் இல்லாத வீட்டுக்கும் சமமான கூறு. அதைத்தான் அவர் சொன்னார். இறங்கி வரும் வழியில் சுப்பராயன், "தோற்றுவிட்டோம். சுமக்கப் போகிறார்கள்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

துரை வரும் நாள் நானும் சுப்பராயனும் அடிவாரத்துக்கு வந்திருந்தோம். மலையிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். முதலில் ஆண்கள். பிறகு பெண்கள். பிறகு தடி ஊன்றிய கிழவர்கள், இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள். நாடே இறங்கியது. ரேஞ்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, "பார்த்துக்கோ, எழுது. என்ன விசுவாசம் பார்" என்றார்.

பெரியண்ணன் சாமான்கள் பக்கம் போனார். கயிறுகளை அவிழ்க்கச் சொன்னார். ஒவ்வொரு வீட்டின் பெயராகச் சொல்லி ஒவ்வொரு பொருளாகக் கொடுத்தார். கூடார முளை ஒரு வீட்டுக்கு ஒன்று. கரண்டி ஒரு வீட்டுக்கு ஒன்று. மடக்கு நாற்காலியின் கட்டை ஒருவருக்கு, அதன் துணி இன்னொருவருக்கு. முட்டைக் கூடை காலியாகும்வரை ஒவ்வொரு முட்டையாகப் போனது. கூறு போட முடியாதது தொட்டி மட்டும்தான். பாறைக்குப் பாறை ஆள் மாற்றி, ஒரு ஊரே சேர்ந்து அதைத் தூக்குவது என்று ஆனது.

ரேஞ்சரின் முகம் மாறியது. "யோவ், எதுக்குய்யா பிரிக்கறே? கட்டின மாதிரியே தூக்குங்க."

"ஒரு ஊட்டுக்கு நெறைய, ஒரு ஊட்டுக்கு இல்லைன்னா நாளைக்கு எனக்குத்தானுங்க கெட்ட பேரு" என்றார் பெரியண்ணன்.

இதில் மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு சாமான்கூடக் கீழே கிடக்கவில்லை. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கொடி இல்லை, கோஷம் இல்லை. ஒருவர் கையில் ஒரு கரண்டியோடு நீண்ட வரிசை மலை ஏறியது. சுப்பராயன் என் காதருகே, "என்ன நடக்கிறது?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முகாம் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துரை நின்றுகொண்டிருந்தார். நாற்காலிக் கட்டை வந்துவிட்டது. துணி வரவில்லை. கூடாரத் துணி வந்துவிட்டது. முளைகள் வரவில்லை. காத்திருந்தோம். வெயில் இறங்கியும் வரவில்லை. முளைகள் எங்கே என்று ரேஞ்சர் கத்தினார்.

"பங்கு ஊட்டுக்குத்தானுங்க போகும்" என்றார் பெரியண்ணன்.

பன்றிக் கூறு வாங்கியவர் அதை வீட்டுக்குத்தானே எடுத்துப்போவார்? வரிசை மேலே வந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பாதையில் திரும்பிவிட்டார்கள். முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்தது மட்டும் அங்கே இருந்தது. மற்றவை குண்டூர் நாட்டின் எல்லாக் குடிசைகளிலும் இருந்தன. துரை அன்று மூங்கில் தட்டி அடைத்த ஒரு கொட்டகையில் தங்கினார். ராகிக் களி சாப்பிட்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை, ஆனால் மிட்டாயும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை சாமான்கள் எல்லாம் வந்துவிட்டன. ஒன்றும் குறையவில்லை. கரண்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். முட்டைகளில் ஒன்று மட்டும் வெந்திருந்தது. கெட்டுப்போய்விடக் கூடாது என்று வேகவைத்ததாக அதைக் கொண்டுவந்த அம்மாள் சொன்னாள். ஆனால் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டி முடிப்பதற்குள் துரைக்கு மலை அலுத்துவிட்டது. முகாமை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவரோடு சாமான்களும் இறங்கின. எப்படி இறங்கின என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நம் தொழிலுக்கு வேலை வருகிறது. துரை முன்னால் தலை குனிந்த ரேஞ்சர், இது திட்டமிட்ட மறியல், பெரியண்ணன்தான் தூண்டியவர் என்று போலீசுக்கு எழுதினார். இன்ஸ்பெக்டர் மலை ஏறி வந்தார். மறியல் என்று ஆனால் பெரியண்ணன் ஜெயிலுக்குப் போக வேண்டும். அவருடைய சாமை பாதி அறுத்தும் பாதி அறுக்காமலும் நின்றது.

இன்ஸ்பெக்டர் மலைப்பக்கம் புதிது. ஏறி வந்த மூச்சு அடங்காமலே விசாரித்தார்.

"யாரு சொல்லிக்கொடுத்தது? கதர்க்காரரா?"

"அவரு சொமக்காதீங்கன்னாருங்க. நாங்க சொமந்தோமே" என்றார் பெரியண்ணன்.

"அப்ப வீட்டுக்கு ஏன் கொண்டுபோனீங்க?"

"பங்குங்க."

மற்றவர்களைக் கேட்டார். ஒருவர், முகாம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை என்றார். ஒருவர், இருட்டிவிடும் என்று வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். மிட்டாய்ப் பெரியவர், துரை சாமான் தன் வீட்டில் ஒரு பொழுதாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொன்னார். அவர் சொன்னது பொய் மாதிரித் தெரியவில்லை. அடுத்து நல்லம்மா.

"வேணும்னுதானுங்க செஞ்சோம். எழுதிக்குங்க."

அவள் கணவன் குறுக்கே புகுந்தான். "இவ சொல்றத எழுதாதீங்க சாமி. இவளுக்கு வந்த பங்கு ஒரு கரண்டி. அதையும் சுனையில வெச்சு மறந்துட்டு வந்து, நாங்க போயித் தேடி எடுத்தோம்."

"மறக்கல. வெச்சுட்டு வந்தேன்."

"அப்ப தேடறப்ப ஏன் அழுதே?"

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். என்னைத் தனியே அழைத்தார். "இவங்க சொல்றது எதுவும் கேஸுல நிக்காது. நீங்க கூட்டத்துலயும் இருந்தீங்க, அடிவாரத்துலயும் இருந்தீங்க. உங்ககிட்ட நான் வாக்குமூலம் கேக்கல. எப்படியும் பேப்பர்ல போடுவீங்க. அதுல மறியல்னு வந்துச்சுன்னா, ஏன் பிடிக்கலைன்னு மேல என்னைக் கேப்பாங்க. நான் வந்து அந்த ஆளைக் கூட்டிட்டுப் போகணும். பேப்பர்ல அப்படி வரலைன்னா விட்டுடலாம். எனக்கும் மறுபடி இந்த மலை ஏற ஆசை இல்லை."

இறங்கும் வழியெல்லாம் சுப்பராயன் என்னோடு வாதாடினார். அவருக்கு இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. இப்படி ஒரு மறியல் மாகாணத்திலேயே நடந்ததில்லை, மறைத்தால் துரோகம் என்றார். பெரியண்ணன் ஒருவர் ஜெயிலுக்குப் போனால் மலை முழுவதும் விழித்துக்கொள்ளும் என்றார்.

"அவரைக் கேட்டீர்களா?"

"இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெருமைதானே?"

அவர் இரண்டு தடவை போனவர், அதனால் அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. எனக்கு இல்லை. மறுபுறம், பெரியண்ணனைக் காப்பாற்றுவதற்காக அது வெறும் வழக்கம் என்று எழுதினால், சுமக்க மாட்டோம் என்று ஒரு நாடே நினைத்திருந்தால், அதை நான் அழித்தவன் ஆவேன். அந்த நாட்டின் அரசியலை விசுவாசம் என்று அச்சடித்தவன் ஆவேன். பஸ்ஸில் சேலம் போய்ச் சேரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்தன. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆசிரியர் காத்திருந்தார். "கொல்லிமலையில் மறியல்: துரை தவிப்பு" என்று தலைப்பு அச்சுக் கோக்கவே போய்விட்டது. அன்றைய முதல் பக்கம் அதற்காகத் திறந்து கிடந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த உதவி ஆசிரியர் இருந்தார். தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்பவர், அதனால் இங்கும் போடவில்லை. அவர் ஒரு வேலை செய்வார். நிருபர் கொண்டுவந்த காகிதத்தில் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "பார்த்ததா, கேட்டதா?" என்பார். பார்த்ததென்றால் ஓரத்தில் "பா". கேட்டதென்றால் "கே", கூடவே யாரிடம் என்று. இரண்டும் இல்லாத வரியின் மேல் பென்சில் போகும். அன்றும் அப்படியே செய்தார். முளைகள் வீட்டுக்குப் போனது, பா. பங்கு வீட்டுக்குத்தான் போகும், கே, கவுண்டர். வேண்டுமென்றே செய்தோம், கே, நல்லம்மா. விசுவாசம், கே, ரேஞ்சர். "மறியல்" என்ற சொல்லுக்கு வந்தார்.

"பார்த்தியா?"

"எதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை."

"யாராவது சொன்னாங்களா?"

"ரேஞ்சர். சுப்பராயனும்."

"சுமந்தவங்க?"

"ஒருத்தி வேணும்னு செஞ்சோம்னாள். அவளும் இந்தச் சொல்லைச் சொல்லவில்லை."

பென்சிலை வைத்துவிட்டு ஆசிரியரிடம் திரும்பினார். "இந்தத் தலைப்புக்கு ஒருத்தன் கம்பி எண்ணப் போறான். நிருபருக்கே நிச்சயம் இல்லை. நீங்க நிச்சயம்னா போடுங்க, நான் ஆட்சேபிக்கல. தலைப்பு மேல உங்க பேரையும் போட்டுடலாம்."

ஆசிரியர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. செய்தி உள்பக்கத்தில், பருத்தி விலைக்குக் கீழே வந்தது. சாமான்களை எல்லா வீட்டாரும் பங்கிட்டுச் சுமந்ததும், வீடுகளுக்குப் போனதும், மறுநாள் திரும்பியதும் இருந்தன. ரேஞ்சர் இதைத் திட்டம் என்கிறார், கவுண்டர் நாட்டு வழக்கம் என்கிறார், வேண்டுமென்றே செய்ததாக ஒரு பெண் சொல்கிறார், எது சரி என்று நமது நிருபரால் உறுதி செய்ய முடியவில்லை என்று முடிந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடி மலை ஏறவில்லை. பெரியண்ணன் சாமையை அறுத்து முடித்தார்.

இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும். பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, மற்றதை விடு. நானும் கொஞ்ச காலம் அந்தப் பாடத்தோடு நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த ஆண்டு துரைக்கு ஆள் கேட்டு உத்தரவு குண்டூர் நாட்டுக்குப் போகவில்லை. பக்கத்துத் திண்ணனூர் நாட்டுக்குப் போனது. ஒரு நாட்டுச் சுமை அடுத்த நாட்டின் தலைக்கு மாறியது. குண்டூர்க்காரர்கள் ஜெயித்தார்களா, பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டார்களா? ஆசிரியர் மறுபடி என்னை அனுப்பினார். அடிவாரத்தில் அதே இன்ஸ்பெக்டர், இந்தத் தடவை முன்கூட்டியே வரவழைக்கப்பட்டு நின்றார். முகத்தில் மலையைப் பற்றிய வெறுப்பு அப்படியே இருந்தது.

திண்ணனூர் நாடும் குழந்தை குட்டியோடு இறங்கியது. அவர்களோடு பெரியண்ணனும் நல்லம்மாவும் வந்திருந்தார்கள். திண்ணனூர்க் கவுண்டர் கயிற்றை அவிழ்க்கப் போனார். ரேஞ்சர் பாய்ந்து தடுத்தார். "இந்தத் தடவை நடக்காது. இது மறியல். இன்ஸ்பெக்டர், பிடிங்க."

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்தார். என் செய்தி. மடிப்பு விழுந்து கிழிந்திருந்தது. "போன வருசமே பேப்பர்ல வந்திருக்கு. நாட்டு வழக்கம்னு போட்டிருக்கு. பழைய வழக்கத்துக்கு நான் எப்படிப் பிடிக்கறது?"

"நாட்டு வழக்கம் என்று நான் எழுதவில்லை. கவுண்டர் அப்படிச் சொல்கிறார் என்று எழுதினேன்" என்றேன்.

"அதுதானே போட்டிருக்கு?"

பெரியண்ணன் வெற்றிலையைத் துப்பினார். "பேப்பர்லயே வந்துருச்சுங்களே சாமி. பழைய வழக்கந்தானுங்க."

ரேஞ்சர் விலகி நின்றார். கயிறுகள் அவிழ்ந்தன. திண்ணனூர்க் கவுண்டர் வீட்டுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அவர் கொஞ்சம் தடுமாறினார், பெரியண்ணன் பக்கத்தில் இருந்து மெதுவாக எடுத்துக்கொடுத்தார். திண்ணனூர்க்காரர்கள் இதற்காக முன்பே குண்டூர் போய்ப் பேசினார்களா, இல்லை அவர்களுக்கும் பன்றிக் கூறு தெரியும் என்பதால் தானாகவே வந்ததா என்று நல்லம்மாவைக் கேட்டேன்.

"உங்களுக்கு எது வேணும்?" என்றாள்.

"உண்மை."

"ரெண்டுந்தானுங்க." பிறகு சொன்னாள்: "போன தடவை நாங்க சொமந்தோம்னு எழுதிட்டீங்களாமே. படிச்சுக் காட்டுனாங்க. கவுண்டரு ஜெயிலுக்குப் போகாம வெளியே இருக்காரு, அது சரிதான். ஆனா நான் செஞ்சத நான் செஞ்சேன்னு எழுதறதுக்கு உங்களுக்கு அத்தனை யோசனையா?"

"அதையும் போட்டிருந்தேனே."

"ஒரு பொம்பளை சொல்றாள்னு போட்டிருந்தீங்க. எனக்குப் பேரு இல்லீங்களா?"

பெயர் போட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் அவளைப் பிடிக்க வர வேண்டியிருந்திருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திண்ணனூர்க் கவுண்டர் கடைசி வீட்டுப் பெயரைச் சொல்லி முடித்தார். ஒரு கூடார முளை மிச்சம் இருந்தது. பெரியண்ணன் அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து நீட்டினார். கூறு போடும் நேரத்தில் அங்கே நிற்கும் வழிப்போக்கனுக்கும் ஒரு கூறு உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"போன தடவை தரவில்லையே?" என்றேன்.

நல்லம்மாதான் பதில் சொன்னாள். "போன தடவை நீங்க ரேஞ்சர் பக்கத்துல நின்னீங்க."

சுற்றிப் பார்த்தேன். இந்தத் தடவை நான் திண்ணனூர்க்காரர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நல்லம்மாவிடம் பேசுவதற்காக வந்தவன், அங்கேயே நின்றுவிட்டேன். ரேஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்காவிட்டால் கூறை மறுத்தவன் ஆவேன், அது அங்கே பெரிய அவமதிப்பு. வாங்கினால் நான் யார்? யோசித்து முடிப்பதற்குள் கை வாங்கிவிட்டது.

முளையோடு மலை ஏறினேன். கனமில்லாத மரத்துண்டுதான். பாதை பிரியும் இடம் வந்தது. ஒரு பக்கம் முகாம். மறுபக்கம் அந்தத் தடவை மலையில் நான் தங்கியிருந்த வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. எனக்கு முன்னால் போனவர்கள் அவரவர் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துரையின் கூடாரத்துக்கு ஒரு முளை குறைந்தால் அது மறியலா, வழக்கமா, ஒரு நிருபரின் களைப்பா? நான் தங்கியிருந்த வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் முளையைக் கொடுத்துவிட்டு இறங்கிச் சேலம் போனேன். மூத்த உதவி ஆசிரியரிடம், இந்தச் செய்தியை நான் எழுதக் கூடாது, வேறு ஒருவரை அனுப்புங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். கையில் ஒரு முளை இருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு நிருபரை அனுப்பினார். அந்த நிருபர் மலையில் பலரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த செய்தியில் ஒரு வரி இருந்தது: சாமான் சுமந்தவர்களில் சேலத்து ஆள் ஒருவரும் இருந்தார், அவர் எதற்காகச் சுமந்தார் என்று தெரியவில்லை.

அந்த வரிக்கு ஓரத்தில் "கே" என்று பென்சில் விழுந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.